நூறாவது ஆள்

அன்புள்ள அர்மான்,

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? லியோன் நகரில் நாங்கள் நலம். ஆபரேஷனுக்குப் பிறகு நம் மகள் சோலான்ஜ் சமையலறை வரை நடக்கிறாள். பேத்தி என் கையால்தான் சாப்பிடுகிறாள்.

நேற்று ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் சோலான்ஜ் என் பெயரை இந்த வீட்டில் எழுதிவிட்டாள். நான் அதை அடித்துவிட்டேன்.

“எட்டு மாசமா இங்கதானேம்மா தூங்குறே?”

“என்னை இங்க எண்ணினா நம்ம ஊரு தொண்ணூத்தொன்பது ஆயிடும்டி.”

“ஆகட்டுமே! நூறுக்குக் கீழ போனா பக்கத்து ஊரு பெர்வாலோட சேர்த்துடுவாங்க, அவ்வளவுதானே?”

அவ்வளவுதானாம்! சின்ன வயதில் நம் ஊர்ப் பள்ளியை மூடி எங்களைப் பெர்வாலுக்கு அனுப்பியபோது, கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள்; “சாணி நாத்தம்” என்று மூக்கைப் பொத்தினாள் அந்த ஊர் வகுப்புத்தோழி ஒதெத். அன்றோடு என் படிப்பு முடிந்தது. அவர்களோடு சேர்ந்தால் நம் ஊர்ப் பெயர் பலகையில்கூட இருக்காது. போரில் செத்த உங்கள் சித்தப்பாவின் பெயர் பொறித்த கல்லை யார் துடைப்பார்கள்?

நம் வீட்டுக்குப் படிவத்தோடு வரப்போவது ஒதெத்தின் மகள்தான். என் பெயரை எழுதுங்கள். எங்கே என்று கேட்டால், கோழிக்குத் தீனி போடப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். என் மரச்செருப்பை வாசலில் வையுங்கள்.

பொய்தான், தெரியும். சோலான்ஜின் கட்டி முழுதாகப் போகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்போது வருவேனோ. குழந்தை அழுகிறது, முடிக்கிறேன்.

ஒதெத்தின் மகள் போன பிறகும் அந்தச் செருப்பை உள்ளே எடுக்காதீர்கள்.

உங்கள்
லியோனி