கடலை அறையில் லியோன் வாசித்தது

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
புதன்கிழமை.

என் ஆத்தா நான்சிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் அண்ணனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்தக் குளிர் நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்கிறாய், முகத்தைப் பார்த்தால் சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை. இங்கே கடலை பிடுங்கி முடித்து மூட்டை கட்டியாகிவிட்டது, செவலை ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, வாய்தான் குறையவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று சிரிக்காதே. போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் அப்பா குறுக்கே வந்து அங்கே மழையா என்று கேட்பார், நீயும் அயர்லாந்து மழையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், என் பேச்சு அப்படியே கிடக்கும். உன்னோடு நர்சிங் படித்த மேலத்தெரு ஸ்வீட்டி உன் ஊருக்கே வேலைக்கு வருகிறாளாம், அவளிடம் சாம்பார் பொடி, வறுத்த கடலை, நீ கேட்ட ட்ரம்ஸ் இருக்கும் பென்டிரைவ், இந்தக் கடிதம் எல்லாம் கொடுத்திருக்கிறேன். பென்டிரைவைப் பொடிக்குள் வைக்கவில்லை, பயப்படாதே. அதை ரெக்கார்டு செய்த விக்ரம் நெட்டிலேயே அனுப்பிவிடலாம் என்றுதான் சொன்னான், நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இதைக் கடைசிவரை படித்த பிறகுதான் நீ அதைக் கேட்க வேண்டும், என் மேல் ஆணை.

போன மாதம் நீ சொன்னாயே, கம்ப்யூட்டருக்குள் கிடைக்கிற கொட்டெல்லாம் செத்த கொட்டாக இருக்கிறது, நான் இங்கே போடுகிற பாட்டுக்கு லியோன் அண்ணன் கையால் அடித்தது வேண்டும், ஆனால் எனக்கு என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னால் குச்சியைத் தொடமாட்டான் என்று, அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு வயிற்றில் பிறந்ததுகள் இப்படி ஒளிந்து ஒளிந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்று அடுப்படியில் நின்று அழுதேன். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமலே நான் கண்ணை மூடிவிடுவேனோ என்கிற பயம்தான் எனக்கு, வேறு ஒரு வியாதியும் இல்லை. ஆனாலும் நீ சொன்னபடியே செய்தேன். திருமயத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் விக்ரமைத் தெரியுமல்லவா, லியோன் போகிற கச்சேரிக்கெல்லாம் மைக் கட்டுகிறவன், அவனை வைத்து, திருச்சியில் ஏதோ ஸ்டுடியோவில் கேட்கிறார்கள் என்று சொல்லச் சொன்னேன். லியோன் எந்த ஸ்டுடியோ, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டான்.

உங்கள் பேச்சு நின்ற கதை உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்க்காத பாதி ஒன்று இருக்கிறது, இதுவரை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் கோயில் பேண்டு செட்டில் ஆளைக் காணவில்லை என்றால் லியோன் போன் போடமாட்டான், அடித்துத்தான் கூப்பிடுவான், ஆளுக்கு ஒரு அடி. ட்ரம்பெட் சார்லசுக்கு ஒரு உருட்டல். உனக்கு விளிம்பில் இரண்டு தட்டு, பெரிய ட்ரம்மில் ஒரு குத்து, பிறகு சிம்பலில் நீளமாக ஒன்று. ஆள் முன்னால் வந்து நிற்கிறவரை அடியை நிறுத்தமாட்டான். நீ எவள் வீட்டிலாவது பூ வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கீபோர்டு வாசிக்கத் தலைதெறிக்க ஓடி வருவாய், ஊரே சிரிக்கும். திடுதிப்பென்று விசா வந்து நீ கிளம்பிய அன்று அவன் வல்லத்திராக்கோட்டையில் கல்யாணத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தான். பயணத்தை வெளியே சொன்னால் தடைபடும் என்று ஊரில் மூச்சு விடவில்லை, அண்ணனிடம் போகிற வழியில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாய், நீ அடித்த போன் அந்தக் கொட்டில் அவனுக்குக் கேட்கவே இல்லை. கல்யாணம் முடிந்து நேரே நம் கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்கியிருக்கிறான். சப்பரத்துக்குத் தோள் கொடுக்க ஆட்கள் நிற்கிறார்கள், கீபோர்டு முன்னால் நீ இல்லை. உன்னை ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டு நானும் அப்பாவும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்த அடி கேட்டது. விளிம்பில் இரண்டு, ட்ரம்மில் ஒன்று, சிம்பல். மறுபடி. மறுபடி. நாங்கள் ஓடிப்போய்ச் சேரும்போது பங்குச் சாமியார் காத்திருக்கிறார், சனம் காத்திருக்கிறது, அவன் தெருமுனையைப் பார்த்தபடி அடித்துக்கொண்டே இருக்கிறான். அப்பாதான் சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்தி, "பாப்பா பிளைட் ஏறிருச்சுடா" என்று சொன்னார். அவன் சப்பரம் முழுக்க வாசித்தான், அவ்வளவுதான், அன்றிலிருந்து உன் போன் வந்தால் அவனுக்குத் தழை ஒடிக்கிற வேலையும் வந்துவிடும்.

இப்போது ரெக்கார்டிங் கதைக்கு வருகிறேன். கோயிலுக்குள் வைக்கலாம் என்றால் எதிரொலிக்கிறதாம், வாசலில் வைத்தால் மயில் விடவில்லை, இவன் குச்சியைத் தூக்கினாலே அது அகவ ஆரம்பித்துவிடுகிறது. கடைசியில் நம் கடலை அறைதான் வாய்த்தது. சுற்றிலும் மூட்டை, மூட்டைக்கு மேல் நம் வீட்டுப் போர்வை அத்தனையும், சத்தத்தை மூட்டை குடித்துவிடும் என்றான் விக்ரம். கதவைச் சாத்தியதும் ஊர் எங்கேயோ போய்விட்டது நான்சி. கண்ணாடி ஓடு வழியாக ஒரு துண்டு வெயில் இறங்கி அதில் கடலைத் தூசி மிதந்துகொண்டிருந்தது, பச்சை மண் வாசனை வேறு, எனக்கு முழித்துக்கொண்டே தூங்குகிற மாதிரி இருந்தது. விக்ரம் விளக்கம் சொன்னான், ஒரு சின்னத் துண்டை வெட்டி முனையோடு முனை ஒட்டிவிட்டால் நாமாக நிறுத்துகிறவரை அது சுற்றிச் சுற்றி வருமாம், எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாதாம். ஜெபமாலை மாதிரியா என்று கேட்டேன், ஆமாம்மா என்றான், அவன் என்றைக்கு ஜெபமாலை சொன்னான், பாவம்.

அப்படி ஒட்ட வேண்டுமானால் வேகம் கொஞ்சமும் முன்னே பின்னே போகக் கூடாதாம், அதற்காக விக்ரம் லியோன் காதில் ஹெட்போனை மாட்டி டிக் டிக் என்று ஒரு தாளத்தை ஓடவிட்டான். அங்கேதான் வந்தது வினை. நம் பிள்ளை சப்பரம் தூக்குகிறவர்கள் காலைப் பார்த்து வாசித்தே வளர்ந்தவன், கால் இல்லாமல் அவனுக்குக் கை ஓடவில்லை, அடித்தது எல்லாம் இங்கிட்டும் அங்கிட்டும் இழுத்தது. "காதுக்குள்ள பல்லி கத்துற மாதிரி இருக்கு, யாராச்சும் முன்னாடி நடங்கப்பா" என்றான். அப்பா எழுந்து நடந்தார். அவர் நடை உனக்குத் தெரியாதா, முட்டிவலியிலும் பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்கிற நடை, லியோன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க போயி டீ குடிங்கப்பா" என்று அனுப்பிவிட்டான். பிறகு என்னைப் பார்த்து, "யம்மா, சப்பரத்துக்கு முன்னாடி மெழுகுவத்தி புடிச்சுக்கிட்டு போவீல்ல, அப்புடி நட" என்றான். நான் வெறுங்காலோடு மூட்டைக்கும் கதவுக்குமாக நடந்தேன், விக்ரம் அந்த டிக் டிக்கை என் காலுக்குத் தக்கபடி மாற்றினான், அதற்குப் பிறகு உன் அண்ணன் வாசித்தான் பாரு, அம்மாடி! நடக்க நடக்க நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. தூசியெல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சம் மாதிரி மினுங்கியது. கதவைத் தொட்டுத் திரும்பும்போது நீ கவுன் போட்ட பிள்ளையாக என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாய், மூட்டையைத் தொட்டுத் திரும்பும்போது நர்ஸ் உடுப்பில் வந்தாய், எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஆகவே நீ அங்கே பாட்டுப் போடும்போது ஒன்றை நினைவில் வை, அதன் வேகம் உன் அம்மா நடை. மெஷினில் கூட்டிவிடாதே, எனக்கு மூச்சு வாங்கும்.

ஒவ்வொரு ட்ரம்மாகத் தனியாக, மெதுவாக ஒரு தரம், ஓங்கி ஒரு தரம் என்று விக்ரம் கேட்டதை எல்லாம் அடித்துக் கொடுத்தான். சாயங்காலம் ஆனது, முடிந்தது என்று விக்ரம் வயரைச் சுருட்ட எழுந்தான். லியோன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெஷினு இன்னும் ஓடுதா?" என்று கேட்டான். ஓடுகிறது என்றான் விக்ரம். லியோன் குச்சியை எடுத்தான். விளிம்பில் இரண்டு. பெரிய ட்ரம்மில் ஒன்று. சிம்பலில் நீளமாக. ஒரே ஒரு தடவை. அந்தச் சிம்பல் அடங்குகிறவரை நான் வெளியே போக எடுத்த காலை வைக்கவில்லை, டீ கிளாசோடு கதவைத் திறக்க வந்த அப்பா வெளியிலேயே நின்றுவிட்டார். "திருச்சி ஸ்டுடியோவாம்ல, என்னயக் கிறுக்கன்னு நெனச்சியா யம்மா" என்றான். நான் அழுதுவிட்டேன், எனக்கு என்ன வெட்கம். ஒன்றும் புரியாத விக்ரம், ஒரு தடவை போதுமா அண்ணே, இன்னும் நாலு எடுப்போமா என்று கேட்டான். "ஒண்ணு போதும். அன்னைக்கு ஆளு வார வரைக்கும் அடிக்க விடல, எங்கப்பா புடிச்சு நிறுத்திட்டாரு. இந்த மெஷின யாரும் புடிக்க முடியாதுல்ல, மிச்சத்த அது அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

ஈஸ்டர் கழிந்து நம் திருவிழா வருகிறது, இப்போதே லீவு எழுதிக் கொடு. கம்பளி உடுப்பை ஈரத்தோடு போடாதே, டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, ஸ்வீட்டி புதிது, அவளைக் கொஞ்சம் கவனித்துக்கொள். மாதா உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுக்கிறோம். பென்டிரைவில் கடைசியாக இருக்கிறது அண்ணன் உனக்கு அடித்தது. விக்ரம் அதையும் வெட்டி ஒட்டியிருக்கிறான், போட்டுவிட்டால் நிற்காது. அதை எப்படி நிறுத்துவது என்று உனக்குத் தெரியும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ச. ஆரோக்கியம்மாள்.