வரிசையில் ஓர் இடம்

பாம்பன்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜுமானாவுக்கு,

செவ்வந்தி எழுதுவது. நீயும் வாப்பாவும் உம்மாவும் ஷார்ஜாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். நீ ஹலோ ஹலோ என்பாய், நான் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நிற்பேன். உன் மாமா நவ்ஷாத் நாளை மறுநாள் அங்கே கிளம்புகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கொடுத்த ரெக்கார்டர் குழல் இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற நானும் அதோடு போகிறேன். நம் ஆரம்பப் பள்ளிக்கு யாரோ பதினைந்து குழல்கள் கொடுத்திருக்கிறார்கள். ஊதத் தெரிந்தவர் இல்லாமல் அலமாரியில் கிடந்தன. நான் கடற்கரையில் ஊதுவதைக் கேட்ட தலைமையாசிரியை மாலதி டீச்சர், மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறாயா என்று கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நாகஸ்வரம்போல நேராகப் பிடித்து ஊதுவதால் பிள்ளைகள் அதைப் பீப்பி என்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, பேசாமல் விரலை மட்டும் காட்டினேன். பதினைந்து பேரும் கண்ணாடி பார்ப்பதுபோல வலது கையை மேலே வைத்துப் பழகிவிட்டார்கள். எனக்கு உறைக்கவே இல்லை. கீழ்ச்சுரத்துக்கு வந்தபோது வலது சுண்டுவிரலுக்கென்று ஒதுங்கியிருக்கும் கடைசித் துளைக்கு ஒருவருக்கும் இடது சுண்டுவிரல் எட்டவில்லை. பூங்கோதை என்ற வாண்டு, "அக்கா, நீங்க நல்ல பீப்பிய வச்சுக்கிட்டு எங்களுக்கு ஓட்டப் பீப்பியக் குடுத்துட்டீக" என்று அழுதாள்.

தப்பு என்னுடையதுதான். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளைப்போலவே சுவரைப் பார்த்தபடி, இடது கையை மேலே வைத்தேன். அவள் எட்டிப் பார்த்துக் கையை மாற்றினாள். அடுத்தவன் அவளைப் பார்த்து மாற்றினான். பழகியதை மறக்கடிக்க ஒரு வாரம் ஆயிற்று. இப்போது எல்லாரும் ஒரே வரிசைதான்.

நீயும் எனக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்தாய்? அம்மாவுக்குக் கால் முறிந்து நான் படிப்பை விட்ட வருடம், தினமும் சாயங்காலம் வந்து என் பக்கத்தில் கடலைப் பார்த்து உட்காருவாய். குழல் ஒன்றுதான் என்பதால் என் கையில் ஒரு பென்சில். அதில் விரல் பழகிய பிறகுதான் குழலைத் தந்தாய். ஒரு நாளும் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூசிப்போவேன் என்றுதான் பார்க்காமல் இருந்தாய் என்பது இப்போதுதான் புரிகிறது.

அம்மா நன்றாக நடக்கிறாள். கடல்பாசி எடுக்கச் சேர்ந்தே போகிறோம். பாறை விரலைக் கிழித்தால் குழலின் துளை சரியாக மூடாது, கீச்சென்று கத்தும். அதனால் கடலில் இறங்குமுன், "டீச்சரம்மா விரலுக்கு ரெண்டு சுத்து" என்று கேலி பேசிக்கொண்டே அம்மா எனக்குத் துணி சுற்றிவிடுகிறாள். அவளுக்கு மிச்சத் துணிதான்.

வரும் சனிக்கிழமை ஆண்டு விழா. பிள்ளைகள் நன்றாக ஊதினால் அடுத்த வருடமும் இந்த வகுப்பு உண்டு. இல்லாவிட்டால் குழல்கள் மறுபடி அலமாரிக்குத்தான். நான் மேடை நடுவில் நின்று கை காட்ட வேண்டும் என்றார் டீச்சர். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நேற்று நேரே போய், பிள்ளைகளோடு வரிசையில்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன். முழுசாகச் சொன்னேன், ஜுமானா. டீச்சர் சிரித்து, "நீயும் ஒல்லிதான், எடம் பத்தும் போ" என்றார்.

நீ ஊரை விட்டுப் போன அன்று நான் வழியனுப்ப வரவில்லை. கரையில் ஏற்றிவைத்த வள்ளத்துக்குப் பின்னால் நின்று உன் கார் போவதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் உன் குழல் இருந்தது. அன்று சொல்லாத நன்றியை இன்று எழுதுகிறேன். கோபம் இருந்தால் விட்டுவிடு.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தொடங்குவோம். உனக்கு அப்போது இரண்டரை. உன்னிடம் குழல் இல்லை. ஒரு பென்சிலை எடுத்துக்கொள். வரிசையின் ஓரத்தில் நான், எனக்கு இடப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருப்பேன்.

ஆண்டவன் உன்னை நல்லபடி வைக்கட்டும். இடது கை மேலே, மறக்காதே.

உன் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய,
செவ்வந்தி