ஆடு துலுக்கும் முன்

ஆடி 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். ராகுகால விளக்கு மட்டும் விடவில்லை.

அண்ணன் மகன் முருகேசன் இன்று பெண்டாட்டி பாக்கியத்தை இரும்புக் கரண்டியால் அடித்தான். ரசம் சூடாம். அவள் புருவம் கிழிந்து கழுத்துவரை ரத்தம். மஞ்சள் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவனே வந்து அவளுக்கு விசிறுகிறான்.

ரயில் பட்டறையில் கம்பி நெற்றியில் அடித்ததிலிருந்து இப்படி. காயம் ஆறிவிட்டது. முன்பெல்லாம் கோபம் வந்தால் வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வருவான். இப்போது நினைப்பதும் செய்வதும் ஒன்றாக நடக்கிறது. போன மாதம் டோபி சிரித்தான் என்று பல்லை உடைத்தான். செருப்பு ஒன்றைப் போடுவான், மற்றதை மறந்து கிளம்புவான்.

நெற்றிக்குப் பின்னால் மூளை கெட்டுவிட்டது, மனிதனை நிறுத்திப் பிடிக்கிற இடம் அது, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். என்ன டாக்டரோ. முனியாண்டி கோபம், வேறென்ன.

ஆடி 8, வெள்ளி

வெயில். கோயிலில் கூழ். உப்பு கூடிவிட்டது.

பூசாரி வந்தார். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள முனியாண்டிக்குப் படையல். வருஷா வருஷம் கிடா வெட்டுவது முருகேசன்தான். இந்த வருஷமும் அவனே வெட்டட்டும், கோபம் தீரும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பாக்கியம் மட்டும் மெதுவாக, "அவரு கையில பாராங் கத்தியா கொடுக்கப் போறீங்க, அத்தை?"

படையலுக்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆடி 10, ஞாயிறு



கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார் பூசாரி. அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு. அதுவரை எவனும் வெட்டக் கூடாது. அது அசையாமல் நின்றது. மறுபடி தெளித்தார். எல்லாரும் கும்பிட்டபடி காத்திருக்கிறோம்.

முருகேசன் வெட்டிவிட்டான். பாதிக் கழுத்து. அது கத்துகிறது. மறுபடி வெட்டு. தலை விழுந்த பிறகும் வெட்டுகிறான். "போதும்டா" என்று கையைப் பிடித்தார் பூசாரி. அவருடைய மூன்று விரல் மாலையோடு மண்ணில். நாலு பேர் விழுந்து அமுக்கிக் கட்டினார்கள். என் சேலையெல்லாம் ரத்தம். ஆட்டு ரத்தமா அவர் ரத்தமா, தெரியவில்லை.

ஆடி 12, செவ்வாய்

தூறல். பாக்கியத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனேன்.

"பூசாரி கை எப்படி இருக்கு அத்தை?" என்று அழுதான். ஆடு துலுக்காதது தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும். வெட்டக் கூடாதுன்னும் தெரியும். நெனச்சுக்கிட்டே இருக்கேன், கை போயிருச்சு."

சொல்லும்போதே கம்பி வழியாக என் கொண்டையைப் பிடித்து இழுத்தான். நெற்றி மோதி வீங்கிவிட்டது. அழுகையும் நிற்கவில்லை, பிடியும் விடவில்லை. போலீஸ்காரர் அவன் விரலில் தடியால் அடித்துத்தான் விடுவித்தார்.

தமிழ் தெரியாத இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்ப்பவர் கேட்டார், தெரிந்து செய்தானா, தெரியாமலா. தெரிந்து என்றால் ஜெயில், ரெண்டொரு வருஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுவான். தெரியாமல் என்றால் ஆஸ்பத்திரி, வெளியே விடமாட்டார்கள். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்படி எழுத முடியாதுக்கா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பாக்கியத்தின் புருவத்தைப் பார்த்தேன். முருகா, பொறுத்துக்கொள்.

"அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றேன்.

பாக்கியம் இன்று அறைக்கதவைத் தாழ் போடாமல் தூங்குகிறாள்.