கடைசிப் பகுதியை முதலில் பார்ப்பவன்

அன்பு மகள் பட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் முக்கால்வாசி நலம், மீதி முழங்கால். கீழ் வீட்டு டைலர் உன்னைக் கேட்டார், என் சட்டையை மறுபடி இரண்டு அங்குலம் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்படியே போனா சட்டையிலயே ரெண்டு பேரு படுக்கலாம்ணே என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், அம்மா பாதியில் விட்ட கொரியன் தொடரின் மீதி ஆறு பகுதியையும் அடுத்த மாத லீவில் அவளுக்காக நான் பார்த்து முடிக்கிறேன் என்று சொன்னாய், அந்தக் குடைக்கடைப் பெண்ணும் பஸ் டிரைவரும் வருகிற கதை. சரிம்மா என்று வைத்துவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பார்ப்பதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும், போனில் சொன்னால் நீ பேசாமல் இருப்பாய், அதைக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது.

இந்த வீட்டில் என் உத்தியோகம் உனக்குத் தெரியும். காதல் நாவல் வாங்கினால் கடைசிப் பக்கம், தொடர் என்றால் கடைசிப் பகுதி, முதலில் நான் பார்த்து, சேர்ந்துடுறாங்க என்று சொன்னால்தான் அம்மா ஆரம்பிப்பாள். பிரிந்தால் தொடவே மாட்டாள். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமலே நூறு கல்யாணம் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அவளுடைய நோட்டில் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு, ரொட்டிக்கடைக்காரன் நாவலுக்கு ஒன்பது, சாப்பிட்ட தட்டை அவன் கழுவவில்லை என்று ஒரு மார்க் வெட்டு. எனக்கு எத்தனை என்று ஒரு தடவை கேட்டதற்கு, உங்களுக்கு வெட்ட ஆரம்பிச்சா பேனா தீந்துடும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் குடைத்தொடரைப் பார்க்க ஆசைப்பட்டாள். நான் வெளியே வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பகுதியைப் பார்த்தேன். அவன் வரவில்லை பட்டு. அந்தப் பெண் பஸ் நிறுத்தத்தில் இரண்டு குடையோடு நிற்கிறாள், அவ்வளவுதான். உள்ளே போய், ஒரே குடையில ரெண்டு பேரும் போறாங்க, தைரியமாப் பாரு என்று சொல்லிவிட்டேன். அதே வராந்தாவில் நின்றுதான் உனக்கும் போன் செய்து, ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவா, நீ லீவ் போட்டு அலையாதே என்றேன். டாக்டர் அன்று காலையிலேயே என்னிடம் கையை விரித்துவிட்டார். முப்பது வருஷமாய் லிப்ட் மெக்கானிக் வேலையில், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், இதோ ரெண்டு நிமிஷம் என்று வெளியே நின்று கத்திய வாய், வேறு எதுவும் அதற்கு வரவில்லை. அவள் கண்ணை மூடி ஒரு நாள் பிந்தித்தான் நீ வந்தாய். ஏன்ப்பா சொல்லல என்று ஒரே ஒரு தடவை கேட்டாய், அதற்குப் பிறகு சாப்பிட்டீங்களா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை.

போன வாரம்தான் நோட்டைத் திறந்தேன். கடைசியாக எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "குடைக்கடை. பத்துப் பகுதி வரைக்கும் பத்துக்குப் பத்து. கடைசியில் சேரமாட்டார்கள், சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகினார். பாவம், சந்தோஷமாகச் சொன்னார், நான் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டேன். பட்டுவிடம் மட்டும் இப்படிச் சொல்லாமல் இருக்க வேண்டும்."

உன்னிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டிருந்தேன் பட்டு. அவள் இதை எழுதுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன், அது நீயாகத் தர வேண்டியது, நான் கேட்டு வாங்குவதில்லை. நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஐந்து பகுதி நீ பார், கடைசியை மட்டும் தனியாகப் பார்க்காதே, எனக்குப் போன் போட்டு வைத்துக்கொண்டு பார். நானும் இங்கே போடுகிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டில் சிரிப்பு குறையக் கூடாது. குளிருக்குத் தொப்பி போடு. இன்னொன்று, முழங்கால் வெறும் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னது பொய், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. பயமாக இருக்கிறது.

பொத்தானில் கை வைக்காமல் எழுதிய
உன் அப்பா