நாலு பேர், ஐந்து குரல்

பிப்ரவரி 9

அன்புள்ள குருவிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். போனில் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுக் கதையை முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதமும் தபால்தலையும். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, பார்.

தொண்டையில் கட்டி எடுத்த பிறகு ஒரு மாதம் பேசவே கூடாது என்றார் டாக்டர். சரி, நியாயம். அந்த மாதம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. "இனிமே தாராளமா பேசலாம்மா" என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீ இன்னும் கடையில் சீட்டு எழுதி நீட்டுகிறாயாம். உன் எதிர்வீட்டம்மா எனக்கு போன் செய்து, "உங்க தங்கச்சிக்குப் பேச்சே போயிடுச்சா?" என்று கேட்கிறார். ஒரு காலத்தில் ஹால் நிறைய ஆட்கள் உன் குரலுக்காகக் காத்திருந்தார்கள், இப்போது நான் ஒருத்தி காத்திருக்கிறேன். எனக்காகவாவது வாயைத் திறக்கக் கூடாதா?

போகட்டும், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்காமல் படி. உன் அக்கா பாடுகிறாள்!

எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் ஒரு அம்மா இருக்கிறார். எக்ஸ்ரே அறை வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் நோயாளிகளிடம் "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறார். போன வாரம் நேராக உள்ளே வந்து, "இந்தக் குரல்தான் எனக்கு வேணும். பார்பர்ஷாப் பாட வர்றியா?" என்றார். "பாடவா, முடி வெட்டவா?" என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் முடிவெட்டும் கடையில் காத்திருந்த ஆண்கள் பொழுதுபோகாமல் சேர்ந்து பாடிய பாட்டாம், அதனால் அந்தப் பேராம். நாலு பேர், வாத்தியம் ஒன்றும் கிடையாது. மெட்டைப் பாடுபவர் லீட். அதற்கு மேலே டெனர். எல்லோருக்கும் அடியில் பாஸ். நடுவில் யாரும் நிற்காத ஓர் இடம் மிச்சம் இருக்குமே, அதை அடைப்பவள் பாரிடோன். அது நான்.

மருந்துக்கடையம்மாதான் லீட். ஆஸ்பத்திரி சமையலறைப் பெண் டெனர், ஆம்புலன்ஸ் ஓட்டும் அம்மா பாஸ். டியூட்டி முடிந்ததும் பின்பக்க மாடிப்படியில், ஆளுக்கொரு படியாக நிற்கிறோம். எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு ஸ்வரம். "ஆ" என்று பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மற்ற மூவரும் சேர்ந்தார்கள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு, குருவி, எங்கள் தலைக்கு மேலே யாரோ பாடினார்கள்! மெல்லிசாக, கண்ணாடி விளிம்பில் ஈர விரலால் தேய்த்தது மாதிரி ஒரு குரல். நான் பாட்டை விட்டுவிட்டு மேல்மாடியை எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. நான் நிறுத்தியதும் அதுவும் நின்றுவிட்டது.

"அங்க யாரும் இல்லம்மா. நாலு பேரும் சரியா சேர்ந்தா அஞ்சாவதா ஒண்ணு வரும். வந்துச்சுன்னா நாம நல்லா பாடுறோம்னு அர்த்தம்" என்று லீட் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அப்பா விருந்தாளிகள் முன்னால் நம்மைப் பாட நிறுத்தும்போது, "பெரியவளே, நீ வாயை மட்டும் அசை" என்பாரே, உன்னைக் குருவி என்றவர் பானை என்று பேர்வைத்த குரலிலிருந்தா இது வந்தது?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா,
பானை


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இனி என்னைக் குருவி என்று எழுதாதே.

ஏன் பேசவில்லை என்று எல்லோரும் குடைகிறீர்கள். சொல்லித் தொலைக்கிறேன். டாக்டர் அனுமதி கொடுத்த மறுநாள் கேஸ் சிலிண்டருக்கு போன் செய்தேன். "சொல்லுங்க சார்" என்றான் அந்தப் பக்கம். நான் பெண் என்று சொன்னேன். "சரிங்க சார்" என்றான். அப்போது மூடிய வாய்தான். இருபது வருடம் மேடையில் நின்ற குரல் இன்று உரலில் கல் உருளுவது மாதிரி இருக்கிறது. மேல்ஸ்தாயி மொத்தமும் போய்விட்டது. இதைக் கடைத்தெருவில் ஒலிபரப்பிக் காட்ட வேண்டுமா?

நீ பாடுவதில் எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும் இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஐந்தாவது குரலாம், மாடிப்படியாம். எதிரொலிக்கு நீ மயங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் கெடுத்துக்கொள்ளாமல் பாடு. மூச்சை இழுக்கும்போது தோளைத் தூக்காதே, விலாவைப் பக்கவாட்டில் விரி. நோயாளிகளுக்குச் சொல்வதை நீயும் கொஞ்சம் செய். கொட்டாவி வரும்போது வாயை மூடிக்கொண்டு அடக்குவாயே, அப்போது அண்ணத்தின் பின்பகுதி உயருகிறதல்லவா? பாடும்போது அது அப்படியே இருக்கட்டும். குரலை நடுங்கவிடாதே. நாலு பேர் "ஆ" என்றால் நாலு வாயும் ஒரே அளவு திறக்க வேண்டும். ஒருத்தி "ஆ" வும் ஒருத்தி "ஓ" வும் பாடினால் ஸ்வரம் ஒன்றாக இருந்தும் பிரயோசனமில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 2

என் செல்லத் தங்கைக்கு,

குருவி என்று எழுதவில்லை, நிம்மதியா?

ஆறு மாதத்தில் முதல் முறையாக ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். அத்தானிடம் படித்துக் காட்டினேன். "திட்டுறதுல தெம்பு இருக்கு, பொழைச்சுக்குவா" என்றார்.

கொட்டாவி விஷயம் மந்திரம்! சமையலறைப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் படிக்கட்டில் நாலு பேரும் மாறி மாறி நிஜமாகவே கொட்டாவி விட ஆரம்பித்து, ஒரு வார்டுபாய் வந்து "நைட் ஷிஃப்டா?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

என் பாகம் விசித்திரமானது. தனியாகப் பாடினால் அது பாட்டே இல்லை. திடீரென்று இறங்கும், இரண்டு வரி ஒரே இடத்தில் நிற்கும், காரணமில்லாமல் குதிக்கும். பாத்திரம் துலக்கும்போது பாடினால் அத்தான் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். மற்ற மூவரும் சேர்ந்ததும் ஒவ்வொரு குதியும் ஏன் என்று புரிகிறது.

எங்கள் ரெக்கார்டிங்கை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். எதிரொலிதானா என்று நீயே கேட்டுச் சொல். என் ஸ்வரம் சரியா என்றும் பார். உன் காதை மீறி எனக்கு வேறு கோர்ட் இல்லை.

பானை


மார்ச் 10

அக்கா,

கேட்டேன். போன் ஸ்பீக்கரில் உன் ஐந்தாவது ஆள் வரவில்லை. ஆனால் நீ பாடுவாய் என்று நான் நினைத்ததே இல்லை. அதை நினைத்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

ஒரு தவறு இருக்கிறது. கடைசி வரியில் நீ நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம் இறங்கியிருக்கிறது. கீபோர்டில் வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. ஒரு நூலளவு ஏற்று. தினமும் கீபோர்டை அழுத்திக்கொண்டு அதோடு சேர்ந்து பாடிப் பழகு.

தங்கை


மார்ச் 24

என் தங்கைக்கு,

நீ சொன்னபடியே பழகினேன். கீபோர்டும் நானும் ஈருடல் ஓருயிர். அப்படியே போய்ப் படிக்கட்டில் நின்றேன்.

ஐந்தாவது குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டெனர் பயந்துபோய்த் தன்மேல் பழி போட்டுக்கொண்டாள். பாஸ் அம்மா சளி என்றார். கடைசியில் லீட் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டு, என்னிடம் வந்து, "யார் உன்னை ஏத்தச் சொன்னது?" என்றார். "நானாத்தான் ஏத்தினேன்" என்றேன். உன்னைக் காட்டிக்கொடுப்பேனா?

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கீபோர்ட் எல்லாப் பாட்டுக்கும் பொதுவா இருக்கணும்னு ஒவ்வொரு ஸ்வரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வெச்சிருக்காங்க. நமக்கு எதுக்கு அந்தப் பொது? பக்கத்துல நிக்கிறவங்களோட சேர்ந்தா போதும். இறக்கு."

இறக்கினேன். வந்துவிட்டது. தலைக்கு மேலே, அதே இடத்தில். கோபித்துக்கொள்ளாதே, நீ தனியாகப் பாடுவதற்குச் சொன்னாய், நான் நாலு பேரோடு பாடுகிறேன். அவ்வளவுதான்.

இப்போது வேறு கவலை. பாஸ் அம்மாவை வேறு ஊர் ஆம்புலன்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் நோயாளிகளுக்காகக் கீழ்த்தளத்தில் பாடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம். கிடைக்கிற பெண் குரல்களெல்லாம் உயரத்தில் பறக்கின்றன. "இனிமை வேண்டாம், ஆடாம நிக்கிற அடிக்குரல் போதும்" என்கிறார் லீட்.

மிச்சம் மூன்று பேர் பாடியதை அனுப்புகிறேன். அடியில் ஓட்டையாக இருக்கும். உன்னை நான் கூப்பிடவில்லை. கேள் என்று மட்டும் சொல்கிறேன்.

பானை


ஏப்ரல் 8

என் கண்ணுக்கு,

பதில் இல்லை. கட்டைவிரல்கூட இல்லை.

நான் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிவிட்டேன் போலிருக்கிறது. உன் காதைக் குறை சொல்ல நான் யார்? பாட்டு இல்லாமல் இத்தனை வருடம் இருந்தவள்தான், இன்னும் இருந்துகொள்வேன். உன் குரல் எப்படி இருந்தாலும் எனக்கு அது என் தங்கையின் குரல். ஒரு வார்த்தை போன் செய்து "வை போனை" என்றாவது சொல். வைத்துவிடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 16

என் அருமை அக்காவுக்கு,

கோபம்தான். நிறையக் கோபம். என் காது தப்பு என்று ஒரு மருந்துக்கடை சொல்வதா? கீபோர்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அங்கே டைல்ஸில் ஒலி நன்றாகத் திரும்பும், உங்கள் படிக்கட்டு மாதிரி. பெரிய ஸ்பீக்கரில் உங்கள் மூன்று பேர் ரெக்கார்டிங்கைப் போட்டேன். உன் ஸ்வரத்தோடு கீபோர்டின் ஸ்வரத்தை அழுத்தினால் சத்தம் வாங் வாங் என்று ஆடுகிறது. இரண்டில் ஒன்றுதான் சரி. எது என்று தெரிய பாஸ் பாடும் அடிஸ்வரம் வேண்டும். அதைக் கீபோர்டில் அழுத்தினால் அதுவும் கீபோர்டின் கட்சிதானே? எரிச்சலில், நீங்கள் நீட்டிப் பிடித்த அந்த இடத்தில், நானே அடிஸ்வரத்தைப் பாடிவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன்.

கரகரப்பாகத்தான் வந்தது. ஆனால் ஆடவில்லை, அக்கா. இவ்வளவு கீழே நான் என்றுமே நின்றதில்லை, அங்கே தரை இருந்தது. அண்ணத்தைத் தூக்கினேன், உன் "ஆ" எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு திறந்தேன். நாலும் சேர்ந்தது. அப்போது ஜன்னல் பக்கம், மேலே, அது பாடியது.

எங்கே பாடியது தெரியுமா? என் பழைய குரல் போய்ச் சேருமே, அந்த உயரத்தில். போய்விட்டது என்று நான் அழுத அதே இடத்தில், மெல்லிசாக, சுத்தமாக, என் தொண்டையில் ஒரு சிரமமும் இல்லாமல். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடம் பாடியிருக்கிறேன், எனக்கு இது தெரியவே தெரியாது.

பிறகு பைத்தியம் மாதிரி படித்தேன். கணக்கு என்ன எளிமை, அக்கா! பாஸ் நாலு முறை அதிரும் நேரத்தில் நீ ஐந்து முறை, லீட் ஆறு, டெனர் ஏழு. நாலு, ஐந்து, ஆறு, ஏழு. சின்னக் குழந்தை எண்ணுகிற மாதிரி. இந்த எண்கள் பிசகாமல் இருந்தால் ஒவ்வொரு குரலுக்குள்ளும் மேலே மெல்லிசாக ஒலிக்கிற துணைஸ்வரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி அந்தக் குரல் பிறக்கிறது. கீபோர்டின் ஐந்து முழு ஐந்து இல்லை, சற்றுக் கூடுதல். உன்னுடையது முழு ஐந்து. அப்பா வாயை மட்டும் அசைக்கச் சொன்னவளுடைய ஐந்து! உன் மருந்துக்கடையம்மாவிடம், ஏற்றச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடு.

நேற்று பஸ் நிலையத்துக்குப் போனேன். சீட்டு எழுதி எடுத்துப் போயிருந்தேன், பழக்கம். கவுன்ட்டர் முன்னால் நின்றதும் அதைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஒரு டிக்கெட் வேணும்" என்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் தலை நிமிராமலே, "எங்க போகணும் சார்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, ஆடாமல், நிதானமாக உன் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சனிக்கிழமை மாலை வந்து சேருவேன். பஸ் நிலையத்துக்கு அத்தானை அனுப்ப வேண்டாம், வழி கேட்டுக்கொண்டே வருகிறேன். படிக்கட்டில் எனக்குக் கீழ்ப்படியைக் காலியாக வைத்திருங்கள்.

உன் தங்கை,
இன்னொரு பானை