இரண்டாம் நம்பர் மைக்கில் பழுது இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் குறை ஒன்றுமில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நம் கட்டிடத்து லிஃப்ட் மார்ச் மாதம் நின்றது, இன்னும் நிற்கிறது, கதவில் ஒட்டியிருந்த 'விரைவில் சரிசெய்யப்படும்' என்ற காகிதம்கூடக் கிழிந்து போய்ப் புதுசு ஒட்டிவிட்டார்கள். மூன்று மாடி ஏறி வந்ததும் அம்மா கொஞ்ச நேரம் என்னை முறைப்பாள், லிஃப்டை நான்தான் கழற்றி விற்றுவிட்ட மாதிரி.

வருடம் முடிய ஐந்து நாள்தான் இருக்கிறது, உன் பட்டியல் இன்னும் வரவில்லை. உனக்குப் பத்து வயதில் ஆரம்பித்தது, ஒரு வருடம்கூட விட்டதில்லை. நான் மைக் செட் பார்க்கிற நகரசபை ஹாலில் மிஞ்சிய நோட்டீஸின் வெள்ளைப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் மோசம் என்று அரசியல், நாடகம், பாட்டு, சினிமா எல்லாவற்றையும் ஒரு கை பார்ப்போம், அம்மா நீதிபதி. முதல் வருடமே நீ கலை என்ற தலைப்பின் கீழ் மோசம் பக்கத்தில் 'அப்பாவின் பச்சைச் சட்டை' என்று எழுதினாய். நான் மேல்முறையீடு செய்தேன், அம்மா தள்ளுபடி செய்துவிட்டாள். எழுதியதை அழிக்கக் கூடாது என்ற சட்டம் அன்றைக்கு வந்ததுதான். நீ கடல் தாண்டிப் போன பிறகும் பட்டியல்கள் தபாலில் ஒன்றை ஒன்று தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தன. இந்த வருடம் உன்னுடையது ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் என் பட்டியலை நான் சொல்லிவிடுகிறேன்.

பாட்டில் மோசமானது தேர்தல் பாட்டு, அதில் சந்தேகமே இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே ஆளிடம் ஒரே மெட்டை வாங்கி அவரவர் வார்த்தையைப் போட்டுக்கொண்டார்கள். ஒருநாள் இரண்டு வண்டியும் நம் தெருமுனையில் எதிரெதிரே மாட்டிக்கொண்டபோது தாளம் அப்படிப் பொருந்தியது, இந்த வருடம் அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பேச்சில் மோசமானது, ஜெயித்தவர் தான் சுருக்கமாகப் பேசுகிற ஆள் என்று ஐம்பது நிமிடம் விளக்கியது. பேச்சில் நல்லது, தோற்றுப்போன சைக்கிள் கடைக்காரர் பேசியது. எனக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு நன்றி, போடாதவங்களும் நாளைக்குக் கடைக்கு வாங்க, காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நாடகத்தில் நல்லது பஸ் டிப்போ தொழிலாளர்கள் போட்டது, மேடையில் ஒரே ஒரு பெஞ்சு, கனத்த மீசையோடு ஒரு டிரைவர் மாமியாராக வந்தார், பத்து நிமிடத்தில் அந்த மீசையை மறந்துவிட்டோம். மோசமானது ஒரு கவிஞர். ஒரு மணி இருபது நிமிடம் வாசித்தார், நடுவில் என்னைக் கூப்பிட்டுக் கொஞ்சம் எக்கோ சேர்க்கச் சொன்னார். கவிதையில் இல்லாத ஆழத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது, கேட்டதற்காகச் சேர்த்தேன், அவர் இருமியதுகூட மூன்று தடவை கேட்டது. சினிமாவில் நல்லது, முதல் பத்து நிமிடம் யாரும் வாயே திறக்காத ஒரு படம். ஆனால் அம்மா அந்தப் பத்து நிமிடத்திலேயே தூங்கிவிட்டதால் தீர்ப்பு நிலுவையில் இருக்கிறது.

போதும், இவ்வளவு தூரம் ஏன் சுற்றி வளைக்கிறேன் என்று நீ கண்டுபிடித்திருப்பாய். வருடத்தின் மோசமான விஷயம் ஆகஸ்டில் நடந்தது, அதைச் செய்தவன் நான். ஹாலை ஒட்டிய வாசகசாலையை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டலாம் என்று நகரசபை முடிவெடுத்து, பேருக்கு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். சலவைக்கடை அம்மா வந்தார், கடையிலிருந்து நேராக வந்திருந்தார், ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வாசகசாலைக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்தே தூங்குகிற காவல்காரர், வீட்டில் ஏழு பேர் இருப்பதால் அங்கே வந்து பரீட்சைக்குப் படிக்கிற பெண், இப்படி. ஹால் அமைதியாகக் கேட்டது. பிறகு காகிதத்தை மடித்துவிட்டு, இந்த ஒப்பந்தம் யாருடைய மச்சானுக்குப் போகிறது, அதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார். நகரசபைத் தலைவர் ஹாலின் பின்பக்கம், என் மிக்ஸர் இருக்கிற மேசையைப் பார்த்து, இரண்டு விரலால் தன் தொண்டையைத் தட்டினார். நான் அந்த அம்மாவின் இரண்டாம் நம்பர் மைக்குக்குச் சத்தம் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைக் கீழே இறக்கினேன்.

உனக்குத் தெரியும், நான் எந்தச் சத்தத்தையும் பட்டென்று நிறுத்துகிறவன் இல்லை, கேட்கிறவர்களின் காது நோகக் கூடாது என்று முப்பத்தொரு வருடப் பழக்கம். அன்றைக்கும் மெல்ல, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இறக்கினேன். அது அவ்வளவு மெல்லப் போனதால் அந்த அம்மாவுக்கே தெரியவில்லை, யாருக்கும் கேட்காமல் தன் நேரம் முடியும்வரை பேசிவிட்டு, தலைவருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாம் கேட்டதா என்று விசாரித்ததை நான் பார்த்தேன். மைக் பழுது, அடுத்தவர் என்றார் தலைவர். கூட்டம் முடிந்ததும் பழுதுப் பதிவேடு வந்தது, 'இரண்டாம் நம்பர் மைக், திடீர்ப் பழுது' என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

யாரோ செல்போனில் எடுத்தது சுற்றிச் சுற்றி உன்னிடம் வந்துவிட்டது. நாள் முழுக்க ரேடியோவில் சத்தத்தை வெட்டி ஒட்டுகிற பெண்ணிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன் பார், எனக்கு எவ்வளவு மூளை. நீ போனில் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பழுதான மைக் இப்படியா அடங்கும்ப்பா? கரகரக்கும், இல்லேன்னா பட்டுனு போகும். இது யாரோ கையால இறக்கினது. இவ்வளவு அழகா இறக்குற கை எனக்கு ஒண்ணுதான் தெரியும்." பழுதுதாம்மா என்றேன். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமை போன் அம்மாவுக்கு மட்டும்தான் வருகிறது. நீ கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தச் சரிப்பாதான் இன்னும் காதில் நிற்கிறது. ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருக்கிறது, வம்பு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், மைக் என்ன என் சொத்தா, சொன்னதைச் செய்தேன் என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் சாக்கு. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பழுது என்று எழுதிவிட்டால் மைக் பட்டறைக்குப் போயாக வேண்டும், இது நான் யோசிக்காத விஷயம். நாம் காது டாக்டர் என்று பட்டப்பெயர் வைத்தவரைத் தெரியுமல்லவா, ஹால் மைக்குகளை எல்லாம் பழுது பார்க்கிறவர், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உன் பொம்மை ரேடியோவைக்கூடச் சரிசெய்து தந்தார். இல்லாத பழுதை மூன்று வாரம் தேடியிருக்கிறார் பாவம், கழற்றி, மாட்டி, சூடு காட்டி, ஆட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு சீட்டு எழுதிக் கட்டிக் கொடுத்தார். 'இரண்டாம் நம்பர் மைக். பழுது இல்லை.' கொடுக்கும்போது கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "மைக் நல்லாத்தான் இருக்கு, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். எனக்கு முகம் செத்துப்போனது. அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் அலைந்தேன், தூக்கிப் போடவும் மனமில்லை, காட்டவும் தைரியமில்லை. போன வாரம் அம்மா துணி ஊறவைக்கும்போது பையைத் துழாவி அதை எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் இரண்டு நாள் டீ டம்ளரை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். மூன்றாம் நாள், இந்த வருசம் மோசம் பக்கத்துல என்ன எழுதப் போறீங்க என்று கேட்டாள்.

போன புதன்கிழமை வருடத்தின் கடைசிக் கூட்டம். பேச விரும்புகிறவர்கள் வாசலில் பெயர் எழுத வேண்டும், ஏழாவதாக நான் எழுதினேன். என் முறை வந்ததும் இரண்டாம் நம்பரின் ஃபேடரை ஏற்றி வைத்துவிட்டு ஹாலின் நடுவே நடந்தேன். நான் எதையோ சரிசெய்ய வருகிறேன் என்று நினைத்து ஓர் உறுப்பினர் தன் மைக்கைத் திருப்பி என்னிடம் நீட்டினார். அதை அவரிடமே தள்ளிவிட்டு இரண்டாம் நம்பர் மைக் முன்னால் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் மைக்கில் நான் பேசியதெல்லாம் ஒன்று இரண்டு மூன்று மட்டும்தானே, பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டேன், ஹால் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். "ஆகஸ்டுல இந்த மைக் பழுதாகல. நான்தான் இறக்கினேன். இறக்கச் சொன்னாங்க, இறக்கினேன். அந்தம்மா அதுக்கப்புறம் பேசினது ஒருத்தருக்கும் கேக்கல, நான் இறக்கினது அவங்களுக்கே தெரியாது. பதிவேட்டுல நான் எழுதினது பொய்." தலைவர் ஹாலின் பின்பக்கத்தைப் பார்த்து இரண்டு விரலால் தொண்டையைத் தட்டினார். அங்கே என் நாற்காலியும், அதன் மேல் நான் கழற்றிப் போட்ட ஸ்வெட்டரும்தான் இருந்தன. அவர் அந்த ஸ்வெட்டரைப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, என் மூன்று நிமிடத்தில் நேரம் பாக்கி இருந்தது. அதைக் கூட்டத்துக்கு வந்திருந்த சலவைக்கடை அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் எழுந்து வரும்போது என்னைப் பார்க்கவே இல்லை, அது நியாயம்தான். ஆகஸ்டில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார், கடைசி வரிசைவரை கேட்டது. பதில் சொல்லாமல், இடிப்பதற்கான கடைசி ஓட்டெடுப்பை இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், வாசகசாலை பிழைக்குமா என்று இப்போது யாருக்கும் தெரியாது. நான் பதிவேட்டை வாங்கி, பழைய வரியை அடிக்காமல், நம் சட்டப்படி, அதற்குக் கீழேயே 'மேலே எழுதியது பொய், மைக்கில் பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது, விசாரணை முடிகிறவரை என்னைக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். உடைந்த நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே, ராத்திரி தூக்கம் வருகிறது.

அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள், முழங்கால் வலியோடு வந்திருந்தாள். வெளியே வந்ததும், எல்லாம் சரி, உங்க சத்தம்தான் கொஞ்சம் கம்மி என்றாள். ஊரில் எல்லாருடைய குரலுக்கும் அளவு தெரிந்த எனக்கு என் குரலுக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரியவில்லை. ஆகஸ்டில் செல்போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் இந்தத் தடவை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், ஒருவரும் படம் எடுக்கவில்லை. அதனால் இதற்கு என் வார்த்தை ஒன்றுதான் சாட்சி, இந்த வருடம் உன்னிடம் நான் கெடுத்துக்கொண்டதும் அதைத்தான். நீயும் ஒரு வரி எழுதிக் கொடேன் என்று அம்மாவைக் கேட்டேன். அவ நம்பினா உங்க எழுத்தை நம்பட்டும், எனக்கு அடுப்படியில வேலை இருக்கு என்று போய்விட்டாள்.

பட்டியலைச் சேர்த்து அனுப்புகிறேன், காது டாக்டரின் சீட்டையும் வைத்திருக்கிறேன். அரசியலில் மோசமானது என்று முதலில் ஃபேடர் இறக்கியதை எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அதைவிட மோசமானது உன்னிடம் பழுதுதாம்மா என்று சொன்னது, அது அரசியலிலும் சேராது, கலையிலும் சேராது, கீழே தனியாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். புதன்கிழமையை நல்லது பக்கத்தில் போடட்டுமா என்று கேட்டேன், நீதிபதி சம்மதிக்கவில்லை, செய்த தப்பைச் சொன்னதற்கெல்லாம் நல்லது பக்கத்தில் இடம் கிடையாதாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, நீ வேறு மாதிரி நினைத்தால் உன் பட்டியலில் எழுது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வீட்டுக்கு வந்த பிறகாவது ஹெட்போனைக் கழற்றி வை, உன் காதுதான் உன் பிழைப்பு. எல்லா நலமும் பெற்று, யாருக்கும் பயப்படாமல் நன்றாக இரு கண்ணு. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசும்போது நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் கேட்க வேண்டும் என்று அம்மா தெரிந்தேதான் போனின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல், அப்பாகிட்ட குடும்மா என்று ஒரு வார்த்தை சொல். திட்டுவதானாலும் சரி, நாலு மாதத்துக்கும் சேர்த்து முழுசாகத் திட்டு. நான் சத்தத்தைக் குறைக்க மாட்டேன்.

என்றும் உன் நினைவாக,
அப்பா