நாற்காலியில் அரிசி மூட்டை

கிம்பால், ஆகஸ்ட் 4

மகள் ரோவினாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நான் நலமாக இல்லை. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விட்ட குழாய் குரலைக் கெடுத்துவிட்டது. போனில் கத்த முடியாததால் காகிதத்தில் கத்துகிறேன்.

நிமோனியா போய்விட்டது. கால்கள்தான் ஈரத்துணி மாதிரித் துவள்கின்றன. எழுந்து நிற்கப் பார்த்தால் உன் அண்ணி மெர்லிண்டா ஓடி வருகிறாள். "படுங்க அத்தே! அசைஞ்சா பினாட் வந்துடும், விட்ட நோய் திரும்பவும் புடிச்சுக்கும். ரோவினா கண்டிச்சுச் சொல்லியிருக்கா." குளிக்கவும் விடுவதில்லை. நீ அனுப்பிய சக்கர நாற்காலி வேறு வந்து சேர்ந்திருக்கிறது.

ஜெட்டாவில் உன் முதலாளியம்மாவின் தாய்க்கும் இதே நோய்தானே? "கெழவி அழுதாலும் விடமாட்டேன், தினமும் நடக்க வெக்கிறேன்" என்று பெருமையடித்தவள் நீதானே? ஊரார் அம்மாவை நடக்க வைப்பாய், பெற்றவளைக் கிடத்திப் போடுவாயா?

கோபத்துடன்,
இலுமினாடா

ஜெட்டா, ஆகஸ்ட் 19

அம்மா,

நன்றாகத் திட்டு. காய்ச்சல் விட்ட மறுநாளே வலை இழுக்கப் போன அப்பாவைக் கரையிலிருந்து பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். மறந்துவிட்டாயா? இங்கே கிழவி விழுந்தால் பிடிக்க நான் பக்கத்தில் இருக்கிறேன். அங்கே நீ விழுந்தால் எனக்குப் போன்தான் வரும். படுத்துக்கொண்டாவது உயிரோடு இரு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

ரோவினா

கிம்பால், செப்டம்பர் 2

ரோவினா,

உன் அப்பா போனது கடலுக்கு. நான் போகக் கேட்பது கக்கூசுக்கு. உன் அண்ணி என்னைத் துடைத்துவிடும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். இப்படி உயிரோடு இருக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பி என்னைப் பிழைக்கவைத்தாயா?

மெர்லிண்டாவைத் திட்டி அழவைத்தேன். பிறகு அவளே என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், "நீங்க விழுந்தா உங்க மக என்னைக் கொன்னே போட்டுடுவா அத்தே" என்று புலம்பிக்கொண்டே. உன் நாற்காலியில் அரிசி மூட்டையை உட்காரவைத்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு நடக்கிறேன். முதலில் வாசற்படி வரைக்கும்தான். நேற்று ரொட்டிக்கடை வரை போய்விட்டேன். "மூட்டைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கடைக்காரன் கேட்க, தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வா. பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன். நீ வராவிட்டாலும் நிற்பேன்.

உன் அம்மா